ஆத்தால வந்த ஊரு

டேய் செல்வா,

அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சதுன்னு படிச்சதும்தான் நிம்மதியாச்சு, ஃபிசியோவ மட்டும் விட்டுடாதீங்கடா.

மழையே இல்லாத எடத்துல எப்படிடா ஊரு வந்துச்சுன்னு கேட்டல்ல. சிலியோட வடக்குல இந்த சான் பெத்ரோ தெ அட்டகாமா 2400 மீட்டர் உயரத்துல இருக்கு. கிழக்க ஆண்டிஸ் மலை, அமேசான் பக்கத்துலேந்து வர்ற ஈரக்காத்த மறிச்சிடுது, மேக்க கடல்ல ஓடுற குளிர்ந்த ஹம்போல்ட் நீரோட்டத்தால அந்தப் பக்கமும் மழை கெடையாது. ஆனா மலைலேந்து ஒரு சின்ன ஆறு எறங்கி வருது பாரு, அதான் இந்த ஊரு! தெக்க இயற்கையாவே உண்டான உப்பளத்துக்குப் போய் அது காணாம போறதுக்குள்ள, லிக்கான் அந்தாய்ங்குற இங்கத்த பூர்வகுடி மக்கள் வாய்க்கா வெட்டி, நம்ம ஊரு முறைத்தண்ணி மாதிரியே ஆளுக்கு ஒரு மொறைன்னு பாய்ச்சி சோளம் போட்டுருக்காங்க, அந்த மொறை இன்னிக்கும் இருக்கு. 1879ல சிலியோட போர் வர்ற வரைக்கும் இது பொலிவியா கைல இருந்த ஊரு, யாரு ஆண்டாலும் வாய்க்கா ஓடிட்டேதான் இருந்துச்சு.

வீடெல்லாம் சுடாத செங்கல்லுதான். சர்ச்சுக்குக் கூரை கள்ளிச்செடிக் கட்டைல, தோல் வாரால கட்டிருக்காங்க, மரம் அதிகம் கெடைக்காத ஊருல வேற என்ன பண்ணுவாங்க. எங்க நின்னாலும் லிக்கான்கபூர் எரிமல தெரியும், 5900 மீட்டருக்கு மேல.

எனக்கு மனசு அடிச்சிக்கிறது அந்த உப்பளத்த நெனச்சுதான். கிட்டத்தட்ட 3000 சதுர கிலோமீட்டர், அடில உப்புத்தண்ணி, அதுல லித்தியம். அத பம்ப் பண்ணி பெரிய பெரிய பாத்தில விட்டு ஒரு வருஷத்துக்கு மேல வெயில்ல காய விடுறாங்க, தண்ணியெல்லாம் ஆவியாப் போயிடுது. அதே உப்பளத்து ஓரக் குட்டைலதான் ஃபிளமிங்கோ மேயுது. உன் ஃபோன் பேட்டரி, என் ஃபோன் பேட்டரி, எல்லாத்துக்கும் லித்தியம் வேணும்தான், இல்லன்னு சொல்லல, ஆனா வாய்க்காத் தண்ணிய மொறை வச்சு பங்கு போட்ட ஜனங்ககிட்ட அடித்தண்ணி எவ்வளவு எடுக்கலாம்னு மொதல்ல கேட்டிருக்கணும்டா, இதுல எனக்கு ரெண்டாவது பேச்சே கெடையாது.

காத்துல ஈரம் இல்லாததால பக்கத்துல 5000 மீட்டர் உயரத்துல அல்மாங்குற ரேடியோ தொலைநோக்கி, 66 ஆன்டெனா வச்சிருக்காங்க. உன் பொண்ணுக்குக் கண்டிப்பா சொல்லு, அவளுக்கு நட்சத்திரப் பைத்தியம்ல.

வர்றதா இருந்தா ஜனவரி பிப்ரவரி வேணாம், அப்பதான் மலை மேல மழை கொட்டி ஆறு பெருகும், ரோடு கட்டாயிடும். அவளுக்கு லீவு எப்போன்னு பாத்து எழுது.

உன்
ரவி