டிக்கியில் ஆம்ப்ளிஃபையர்: ஃபியூஸ் எங்கே இருக்க வேண்டும்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடலூரிலும் புதுச்சேரியிலும் கார் வாங்கிய கையோடு டிக்கியில் சப்வூஃபரும் (கனத்த தாழ்ந்த ஒலிக்கான பெரிய ஸ்பீக்கர்) அதற்கு ஒலியைப் பெருக்கித் தரும் ஆம்ப்ளிஃபையரும் பொருத்திக்கொள்பவர்கள் பெருகிவிட்டார்கள். பாட்டு கேட்பதில் குற்றமில்லை. ஆனால் ஆம்ப்ளிஃபையருக்குச் செல்லும் பாசிட்டிவ் வயரில் பேட்டரிக்கு அருகே ஃபியூஸ் போடாமலேயே வேலையை முடித்து அனுப்பிவிடுவதை, கார்களுக்கு வயரிங் வேலை பார்ப்பவன் என்ற முறையில் மிகுந்த கவலையோடு சுட்டிக்காட்ட விரும்புகிறேன்.

பெரும்பாலான கார்களில் பேட்டரி பானெட்டுக்குள் இருக்கிறது. அங்கிருந்து புறப்படும் வயர், இன்ஜின் பக்கத்துத் தகரத்தின் துளை வழியே உள்ளே நுழைந்து, கதவோரக் கம்பளத்துக்கும் பின்சீட்டுக்கும் அடியில் ஓடி டிக்கியை அடைகிறது. வழியில் எங்கேனும் உறை தேய்ந்து பாடியைத் தொட்டுவிட்டால், பேட்டரியிலிருந்து நூற்றுக்கணக்கான ஆம்பியர் மின்சாரம் ஒரே நேரத்தில் பாய்ந்து, வயர் பழுக்கக் காய்ந்து கம்பளம் தீப்பற்றும். "ஆம்ப்ளிஃபையரிலேயே ஃபியூஸ் இருக்கிறதே" என்று சிலர் சமாதானம் சொல்கிறார்கள். அது ஆம்ப்ளிஃபையரைத்தான் காக்கும். அதற்கு முன்னால் கிடக்கும் வயரைக் காக்காது. பேட்டரி முனையிலிருந்து சுமார் 45 செ.மீ. தூரத்துக்குள், வயரின் கனத்துக்கு ஏற்ற ஃபியூஸ் இருந்தே தீர வேண்டும். அண்மையில் என்னிடம் வந்த ஒரு காரில், தகரத் துளைக்கு ரப்பர் வளையம் போடாததால் உறை அறுபட்டு, செம்பு விரல் நகத்தளவு வெளியே தெரிந்தது. ஃபியூஸும் இல்லை.

வயரின் கனத்திலும் கஞ்சத்தனம் கூடாது. உண்மையிலேயே 600 வாட் தரும் ஆம்ப்ளிஃபையர் 12 வோல்ட்டில் 50 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். வீட்டிலுள்ள ஒன்றரை டன் ஏசிகூட 7, 8 ஆம்பியர்தான் எடுக்கிறது. செம்பு முலாம் பூசிய அலுமினிய வயர் பார்வைக்கு அசல் செம்பைப் போலவே இருந்தாலும், அதே கனத்தில் அவ்வளவு மின்சாரத்தைத் தாங்காது. ஆம்ப்ளிஃபையரிலிருந்து காரின் பாடிக்குச் செல்லும் எர்த் வயரை, பெயின்ட்டைச் சுரண்டிய தகரத்தில் போல்ட் போட்டு முறுக்கி, மேலே கிரீஸ் தடவ வேண்டும். நம் கடற்கரையின் உப்புக் காற்றில் அந்த இடம்தான் முதலில் துருப்பிடிக்கிறது.

டிக்கித் தரையில் நீள ஸ்க்ரூ அடிப்பது இன்னொரு ஆபத்து. பெட்ரோல் டேங்க்கும் அதன் குழாய்களும் பல கார்களில் பின்பகுதியின் அடியில்தான் செல்கின்றன. கீழே குனிந்து பார்க்காமல் துளை போடவே கூடாது. ஸ்டெப்னி வைக்கும் பள்ளத்தில் ஆம்ப்ளிஃபையரை இறக்குவதும் சரியல்ல. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது பெய்ததைப் போன்ற மழையில் தண்ணீர் முதலில் தேங்குவது அங்கேதான்.

பொருத்தும் கடைக்காரர்கள், ஃபியூஸின் அளவையும் வயரின் வகையையும் பில்லிலேயே எழுதித் தர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வண்டி உரிமையாளர்களும் காரை எடுக்கும் முன் பானெட்டைத் திறந்து, பேட்டரி அருகே ஃபியூஸைக் காட்டச் சொல்ல வேண்டும். இல்லையென்றால், அதைப் பொருத்தும் வரை அந்த வயரைப் பேட்டரியிலிருந்து கழற்றி வைக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.