ஞாயிறு காலை, குழந்தைகளோடு

வணக்கமுங்க. இந்த ஞாயிறு காலை 7 மணிக்கு, காந்திபுரம் பேருந்து நிலையத்தருகே தெருவோரம் தங்கியிருப்பவர்களுக்கு அரிசிம்பருப்பு சாதம் கொண்டுபோகிறோம். குழந்தைகளைக் கட்டாயம் கூட்டி வாங்க. பொட்டலத்தைக் கையில் கொடுக்கப்போவது அவர்கள்தான். பக்கத்தில் உட்கார்ந்து, முகம் பார்த்து, "சாப்பிடுங்க தாத்தா" என்று சொல்லப் பழக்குங்கள். போன மாதம் ஒரு பெரியவர் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு, "நீ சாப்பிட்டியா கண்ணு?" என்றுதான் என் பையனிடம் முதலில் கேட்டார். வீடு வரும்வரை அவன் அதையே பேசிக்கொண்டு வந்தான்.

போட்டோ, வீடியோ வேண்டாம். அவர்களுக்கும் மானம் உண்டு. நகரங்களில் மக்கள்தொகையில் 1 லட்சம் பேருக்கு ஒன்று என்ற கணக்கில், வீடில்லாதவர்கள் தங்கக் காப்பகம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-லேயே சொன்னது. அதைப் பெரிய பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அப்புறம், பழைய போர்வை இருந்தால் துவைத்துக் கொண்டு வாங்க. வருகிறவர்கள் வெள்ளிக்குள் சொல்லிவிடுங்கள்.