தம்பியின் சிகிச்சைக்குத் துணைநின்ற அயலவர்க்கு நன்றி மடல்

திருகோணமலை உவர்மலையிலும் அயலிலும் வாழும் அன்பு உறவுகளுக்கு,

எங்கள் தம்பி உளநோயுற்று, நித்திரையும் சாப்பாடும் இன்றி, கிணற்றில் யாரோ நஞ்சு கலந்துவிட்டதாக அஞ்சி அறைக்கதவைத் தாழிட்டுக்கொண்ட நாட்களில் துணைநின்ற அனைவருக்கும் எம் குடும்பத்தின் நன்றி உரித்தாகுக. அவர் விருப்பப்படி அவர் பெயரையும், உங்கள் பெயர்களையும் இங்கே குறிப்பிடவில்லை.

'கட்டி ஏற்றிக்கொண்டுபோய் விட்டுவிடுங்கள்' என்றவர்களும் இருந்தனர், அது போகட்டும். அன்றிரவே வீட்டுக்கு வந்து சட்டத்தை விளக்கிய சட்டத்தரணி ஐயாவுக்கு முதல் நன்றி. 1873இல் இயற்றப்பட்டு 1956இல் திருத்தப்பட்ட மனநோய்கள் கட்டளைச் சட்டத்தின்படி, நோயாளர் தாமே எழுதிக்கொடுத்து வைத்தியசாலையில் சேரலாம் என்றும், சம்மதமோ மறுப்போ சொல்ல இயலாத நிலையில் அவர் இருப்பின் உறவினர் எழுத்தில் விண்ணப்பித்து, இரு வைத்தியர்களின் பரிந்துரையோடு தற்காலிக நோயாளராகச் சேர்க்கலாம் என்றும், மறுப்பவரைத் தடுத்துவைப்பதாயின் மாவட்ட நீதிமன்றத்தில் விண்ணப்பித்து, மருத்துவச் சான்றின் பேரில் நீதிபதி விசாரித்தே கட்டளையிட வேண்டும் என்றும் அவர் பொறுமையாக எடுத்துரைத்தார். வீட்டார் பதறி நிற்கையில் இவையெல்லாம் தாமதமாகவே தோன்றும். ஆனால், காணித் தகராறுக்காக உடன்பிறந்தவரையே விசரர் என்று சொல்லத் துணிவோர் உள்ள ஊரில் இந்தத் தாமதம் அவசியம் என்பதே எம் எண்ணம்.

உளநலப் பிரிவு வைத்தியரை வீட்டுக்கு அழைத்துவந்த குடும்ப நல உத்தியோகத்தருக்கும், பூட்டிய கதவுக்கு வெளியே கதிரை போட்டு அமர்ந்து, கிணற்றைப் பற்றி ஒரு சொல்லும் மறுத்துப் பேசாமல், நித்திரையைப் பற்றி மட்டுமே தம்பியிடம் கேட்டுக்கொண்டிருந்த அந்த வைத்தியருக்கும் எவ்வாறு நன்றி சொல்வதென்று தெரியவில்லை. மாலையில் தம்பி தாமே கதவைத் திறந்தார். வைத்தியசாலைப் படிவத்திலும் தாமே ஒப்பமிட்டார். நீதிமன்றத்துக்கென ஐயா எழுதிவைத்த சத்தியக்கடதாசி பயன்படாமலே போயிற்று.

தேவைப்பட்டால் மட்டும் வருவதாகச் சொல்லி, சீருடையின்றித் தெருமுனையிலேயே நின்ற பொலிஸ் உத்தியோகத்தருக்கும், கூலி வாங்க மறுத்த ஓட்டோ தம்பிக்கும், அம்மாவைத் தனியே விடாத பக்கத்து வீட்டு மாமிக்கும் எம் நன்றிகள்.

இத்தகைய நிலையில் தவிக்கும் குடும்பத்தினர் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். நாங்கள் முதலில் அழைத்ததும் அதற்கே. மறுமுனையில் அம்மா அழுது முடிக்கும்வரை காத்திருந்து பேசிய சகோதரிக்கும் எம் நன்றி.

இங்ஙனம்,
தமக்கையரும் அம்மாவும்