கண்ணாடி விரியனுக்கும் கணினியில் மருந்து வடிவமைக்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். செயற்கை நுண்ணறிவு மருத்துவத்தை எப்படியெல்லாம் மாற்றப்போகிறது என்று இப்போது எல்லாப் பத்திரிகைகளிலும் எழுதுகிறார்கள். புற்றுநோய், இதயம், சர்க்கரை நோய் எல்லாம் அதில் வருகிறது, பாம்புக்கடி மட்டும் வருவதே இல்லை. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்பு கடித்து இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர், அதாவது வருடத்துக்குச் சராசரியாக 58,000 பேர் என்று 2020இல் வெளியான ஆய்வு ஒன்று சொன்னது. இவர்களில் பெரும்பாலானவர்கள் கிராமத்துக்காரர்கள், வயலில் வேலை செய்கிறவர்கள், வீட்டுக்குள் தரையில் பாய் விரித்துப் படுக்கிறவர்கள். அதனால்தான் இது செய்தியாவதில்லை என்று நினைக்கிறேன். நான் வட மாவட்டங்களில் அரசு மருத்துவமனைகளில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள், அறுவடைக் காலத்தில் ராத்திரி டூட்டி பார்த்த எந்தச் செவிலியரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்.

பாம்புக்கடிக்கு நாம் போடும் ஏ.எஸ்.வி. என்கிற விஷமுறிவு மருந்து தயாராகும் முறை 1890களில் கண்டுபிடித்தது. பாம்பின் விஷத்தைச் சிறுகச் சிறுகக் குதிரைக்கு ஏற்றி, குதிரையின் ரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்புப் பொருளைப் பிரித்தெடுத்துச் சுத்தம் செய்து குப்பியில் அடைக்கிறார்கள். இன்றுவரை லட்சக்கணக்கான உயிர்களைக் காப்பாற்றியது இதுதான், அதைக் குறைத்துச் சொல்லவே மாட்டேன். ஆனால் அதைக் கையாள்கிறவர்களுக்குத்தான் அதன் சிரமம் தெரியும். மருந்து பொடியாக வரும், கிருமி நீக்கிய நீர் விட்டுக் கரைக்க வேண்டும், அவசரப்பட்டுக் குலுக்கினால் நுரைத்துவிடும், அதனால் குப்பியை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து மெதுவாக உருட்ட வேண்டும். முதல் தவணைக்கே எட்டு, பத்துக் குப்பி வேண்டும். நோயாளிக்குக் கண் இமை சொருகிக்கொண்டிருக்கும், உறவுக்காரர்கள் கதவருகே நின்று கத்திக்கொண்டிருப்பார்கள், அப்போதும் அப்படித்தான் ஒவ்வொன்றாக உருட்ட வேண்டும். உள்ளே போவது குதிரையின் புரதம் என்பதால் உடம்பு ஏற்காமல் தடிப்பு, நடுக்கம், சிலருக்கு ரத்த அழுத்தம் விழுவது வரை போகும். பக்கத்தில் அந்த ஒவ்வாமையை அடக்கும் அட்ரினலின் ஊசி தயாராக இல்லாமல் யாரும் ஏ.எஸ்.வி. தொடங்க மாட்டார்கள்.

இந்த நிலையில்தான் 2025 ஜனவரியில் நேச்சர் என்ற அறிவியல் இதழில் ஓர் ஆய்வு வந்தது. அமெரிக்காவில் சியாட்டில் நகரில் இருக்கும் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் டேவிட் பேக்கரின் ஆய்வகமும் டென்மார்க் விஞ்ஞானிகளும் சேர்ந்து செய்தது. பேக்கர் 2024ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். அவர்கள் செய்தது இதுதான்: நல்ல பாம்பு, கட்டுவிரியன் குடும்பத்தின் விஷத்தில் மூன்று விரல் நச்சு என்று ஒரு வகை இருக்கிறது, அது நரம்பு தசையோடு பேசும் இடத்தில் போய் ஒட்டி மூச்சையே நிறுத்திவிடும். அந்த நச்சின் வடிவத்தைக் கணினிக்குக் கொடுத்து, அதன் மேல் கச்சிதமாகப் பொருந்தும் சின்னப் புரதம் ஒன்றை வடிவமைக்கச் சொன்னார்கள். இயற்கையில் எங்கேயும் இல்லாத புரதத்தை ஏஐ வரைந்து கொடுத்தது. சாகும் அளவுக்கு நச்சு கொடுத்த எலிகளில், நச்சையும் அளவையும் பொறுத்து, 80 முதல் 100 சதவீதம் பிழைத்தன. இந்தப் புரதத்துக்குக் குதிரை தேவையில்லை, நுண்ணுயிரிகளிலேயே வளர்த்து எடுக்கலாம், சூடும் தாங்கும். சிறியதாக இருப்பதால் சதைக்குள்ளும் எளிதில் போகும் என்று எதிர்பார்க்கிறார்கள். நல்ல பாம்பு கடித்துப் பிழைத்தவர்களுக்குக்கூடக் கடிவாயில் சதை அழுகி விரல் போவதைப் பார்த்திருக்கிறேன், அதனால் இதைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே மனம் நிறைந்தது.

ஆனால் அந்த ஆய்வு விரியன் விஷத்தைத் தொடவில்லை, நான் இந்தக் கடிதம் எழுதக் காரணமே அதுதான். கட்டுவிரியனைச் சொல்லவில்லை, பெயரில் விரியன் இருந்தாலும் அது வேறு குடும்பம். நான் சொல்வது கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் இரண்டையும். நம் நாட்டில் அதிகம் கடிப்பது கண்ணாடி விரியன்தான், நெல் வயலிலும் வரப்பிலும் எலியைத் தேடி வந்து கிடக்கும். அதன் விஷம் ரத்தத்தை உறையவிடாது. அதைக் கண்டுபிடிக்க எங்களிடம் இருக்கும் சோதனை ரொம்ப எளிது: சுத்தமான, காய்ந்த கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ரத்தம் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்துவிட்டு, அப்புறம் சாய்த்துப் பார்ப்போம். ரத்தம் உறையாமல் தண்ணீர் மாதிரி ஓடினால் விஷம் ஏறியிருக்கிறது. (பிளாஸ்டிக் குழாயோ சோப்பு போட்டுக் கழுவிய குழாயோ வைத்தால் முடிவு தப்பாகிவிடும், இதை இளம் செவிலியர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும்.) அதற்கு அடுத்து வருவது சிறுநீரகம். மூன்று நாள் கழித்துச் சிறுநீர் நின்று, டயாலிசிஸுக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, கூலி வேலை செய்த மனிதர் பிழைத்து வந்தாலும் பழையபடி மண்வெட்டி பிடிக்க முடியாமல் போவது எவ்வளவோ குடும்பங்களில் நடந்திருக்கிறது.

விஞ்ஞானிகள் மூன்று விரல் நச்சை முதலில் எடுத்ததற்குக் காரணம் புரிகிறது. அது சிறியது, பல பாம்புகளிலும் ஏறத்தாழ ஒரே வடிவத்தில் இருப்பது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் அமெரிக்காவின் ஸ்க்ரிப்ஸ் நிறுவனமும் சேர்ந்து 2024இல் அறிவித்த செயற்கை எதிர்ப்புப் புரதமும் இதே நச்சைத்தான் குறிவைத்தது. விரியன் விஷமோ பெரிய பெரிய நொதிகள் பலவும் கலந்த கலவை, ஒன்றை அடைத்தால் இன்னொன்று வேலை செய்யும். கஷ்டமான வேலைதான். ஆனால் கஷ்டம் என்று தள்ளிவைத்தால் யாருடைய உயிர் தள்ளிப்போகிறது? பணக்கார நாட்டு ஆய்வகங்கள் நம் வரப்பில் கிடக்கும் பாம்பை முதலில் எடுக்க வேண்டும் என்று நாம் எதிர்பார்க்க முடியாது. அதை இங்கேதான் செய்ய வேண்டும்.

செய்யத் தேவையானது நம்மிடம் இருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978இலிருந்து இயங்குகிறது. இந்தியாவில் தயாராகும் ஏ.எஸ்.வி.க்கான விஷத்தில் பெரும்பகுதி அங்கிருந்துதான் போகிறது. வனத்துறை அனுமதியோடு பாம்பைப் பிடித்து, மண்பானையில் வைத்து வாயைத் துணியால் கட்டி, வாரம் ஒருமுறை விஷம் எடுத்து, சுமார் ஒரு மாதத்தில் வயிற்றுச் செதிலில் அடையாளம் வைத்துத் திரும்பக் காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். அவர்களில் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். விருது கொடுத்தது நல்லது, ஆனால் இவர்கள் எடுத்துக் கொடுக்கும் விஷத்தை வைத்துக் கணினியில் மருந்து வடிவமைத்து யாராவது காப்புரிமை வாங்கும் காலம் வரும்போது, அதில் இருளருக்குப் பங்கு உண்டு என்று இப்போதே எழுத்தில் வர வேண்டும். உயிரியல் பன்மயச் சட்டம் 2002இலேயே பலனைப் பகிர்வதற்கு வழி சொல்லியிருக்கிறது.

இன்னொரு சிக்கல், ஒரே வகைப் பாம்பாக இருந்தாலும் ஊருக்கு ஊர் விஷம் மாறுகிறது. தமிழ்நாட்டுப் பாம்பின் விஷத்தில் செய்த மருந்து ராஜஸ்தானிலோ வங்காளத்திலோ இங்கே மாதிரியே வேலை செய்யும் என்று சொல்ல முடியாது. இந்திய அறிவியல் கழகத்தில் கார்த்திக் சுனகரின் குழு 34 இடங்களில் பிடித்த 115 கண்ணாடி விரியன்களின் விஷத்தைப் பரிசோதித்து 2025இல் வெளியிட்ட ஆய்வில், அந்தந்த இடத்தின் வெப்பமும் மழையும் விஷத்தின் தன்மையோடு தொடர்புள்ளவை என்று காட்டியிருக்கிறார்கள். மழை குறைந்த பகுதிகளில் புரதத்தைச் சிதைக்கும் நொதிகளின் வீரியம் கூடுதலாக இருந்ததாம். அப்படியானால் பருவநிலை மாற மாற விஷத்தையும் தொடர்ந்து கவனிக்க வேண்டியிருக்கும், அடுத்த தலைமுறையில் எந்த வட்டாரத்துக்கு எந்த மருந்து என்பதும் மாறலாம். இவ்வளவு தகவலைச் சேர்த்துப் பார்த்துக் கணிப்பதற்கு ஏஐ மாதிரிப் பொருத்தமான கருவி வேறில்லை.

ஆனால் கணிக்கத் தகவல் வேண்டுமே. 2024 மார்ச்சில் மத்திய அரசு பாம்புக்கடிக்குத் தேசியச் செயல்திட்டம் அறிவித்தது, 2030க்குள் இறப்பைப் பாதியாகக் குறைப்பது இலக்கு. அதே வருடம் நவம்பரில் தமிழக அரசு பாம்புக்கடியைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. மிகச் சரியான முடிவு. ஆனால் நான் வேலை பார்த்த காலத்தில் கேஸ் ஷீட்டில் 'இன்னதென்று தெரியாத கடி' என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவோம், ஆள் பற்றாக்குறையில் அவ்வளவுதான் முடியும். எந்த ஊர், வயலா வீடா, எத்தனை மணி, ரத்தம் உறைந்ததா, எத்தனைக் குப்பி போனது, சிறுநீர் நின்றதா, இவ்வளவும் பதிவானால்தான் கணினிக்குக் கற்றுக்கொள்ள ஏதாவது இருக்கும். அதைப் பதிய ஒவ்வொரு வட்டார மருத்துவமனையிலும் ஓர் ஆள் வேண்டும், செவிலியர் தலையில் இன்னொரு செயலியைக் கட்டினால் நடக்காது.

செல்போனில் படம் எடுத்தால் என்ன பாம்பு என்று சொல்லும் செயலிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. பாம்பைத் துரத்திக்கொண்டு போய்ப் படம் எடுக்கப் போகிறவருக்கு இரண்டாவது கடி விழும். தயவு செய்து யாரும் செய்யாதீர்கள், அந்த நேரத்தில் 108ஐக் கூப்பிடுங்கள்.

உங்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். பாம்புக்கடியைக் கட்டாயம் தெரிவிக்கச் சொன்ன பிறகு வந்த விவரங்களை வட்டார வாரியாக எப்போது வெளியிடப் போகிறார்கள், ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு அது கிடைக்குமா, விரியன் நஞ்சுக்குப் புரதம் வடிவமைக்க மாநில அரசு ஏதாவது நிதி ஒதுக்குமா என்று உங்கள் நிருபர் சுகாதாரத் துறையிடம் நேரில் கேட்டு எழுத வேண்டும். குறுவை அறுவடை தொடங்குவதற்கு முன்னால் அந்தச் செய்தி வந்தால் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்,
விழுப்புரம் மாவட்டம்