விடுமுறையில் பிள்ளைகள் எழுதட்டும்: பெற்றோருக்கு அதிபரின் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கும் பாதுகாவலர்களுக்கும் வணக்கம்.

ஓகஸ்ட் விடுமுறை தொடங்குகிறது. தரம் 1 முதல் 5 வரையுள்ள பிள்ளைகளுக்கு இம்முறை பயிற்சித்தாள் எதுவும் கொடுத்தனுப்பவில்லை. ஏன் என்று சில பெற்றோர் கேட்டீர்கள். பிள்ளைகள் வீட்டில் தங்கள் விருப்பத்துக்கு எழுத வேண்டும், அதற்கு நேரம் கிடைக்க வேண்டும் என்றுதான் அப்படிச் செய்தோம்.

எங்கள் பிள்ளைகள் கரும்பலகையில் உள்ளதைப் பார்த்து அழகாக எழுதுவார்கள். சொல்வதெழுதுதலிலும் பெரிய குறையில்லை. ஆனால் 'நேற்றுப் பின்னேரம் என்ன செய்தாய், எழுது' என்றால் பலர் பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு ஆசிரியரின் முகத்தைப் பார்க்கிறார்கள். வாயால் சொல்லச் சொன்னால் அதே பிள்ளை நிறுத்தாமல் கதைக்கிறது. சொல்ல விஷயம் நிறைய இருக்கிறது, பிழை வந்துவிடுமோ என்ற பயம் எழுத விடுவதில்லை. 35 பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் அந்தப் பயத்தைப் போக்குவது கடினம். வீட்டில் முடியும்.

ஆகவே உங்களிடம் ஒன்று கேட்கிறேன். பிள்ளை எதையாவது எழுதிக்கொண்டுவந்து காட்டினால், அது என்ன சொல்கிறது என்று முதலில் வாசியுங்கள். 'நான் அம்மம்மாவோட தேருக்குப் போனன். கச்சான் வாங்கித் தந்தவ. கால் நொந்தது' என்று எழுதியிருந்தால், 'கால் நொந்ததோ? பிறகு எப்பிடி வீட்டை வந்தனி?' என்று கேளுங்கள். பதில் சொல்ல இன்னும் இரண்டு வரி வரும். அதை விட்டுவிட்டு 'போனன் இல்லை, போனேன்' என்று தொடங்கினால் கொப்பியை மூடிவிட்டு விளையாடப் போய்விடும். பேசுகிறபடியே எழுதட்டும். எழுத்துத் தமிழ் வாசிக்க வாசிக்க வரும், கற்பிக்க நாங்கள் இருக்கிறோம். ல, ள, ழ மாறுவதும் ந, ன, ண குழம்புவதும் இந்த வயதில் இயல்பு. தரம் 1, 2 பிள்ளைகள் சில எழுத்துகளை இடம் வலமாகத் திருப்பி எழுதுவதும் உண்டு. பெரும்பாலானவர்களுக்கு அது தானாகவே சரியாகும். தரம் 3 வந்த பிறகும் தொடர்ந்தால் வகுப்பாசிரியரோடு கதையுங்கள். அப்புறம், அந்த அழிறப்பரைக் கொஞ்ச நாளைக்கு எடுத்து வைத்துவிடுங்கள். பிழையென்று பட்டால் ஒரு கோடு போட்டு வெட்டிவிட்டு மேலே எழுதட்டும்.

எவ்வளவு நேரம் என்று கேட்பீர்கள். 10 நிமிடம் போதும். மணிக்கட்டில் உள்ள 8 சிறிய எலும்புகளும் பிறக்கும்போது வெறும் குருத்தெலும்பு. ஒவ்வொன்றாக எலும்பாகி முடிய 10, 12 வயது வரை செல்லும். விரல் தசைகளும் இன்னும் வளர்ந்துகொண்டே இருக்கின்றன. ஆறு வயதுப் பிள்ளை 'கை நோகுது' என்றால் சாட்டு என்று நினைக்காதீர்கள். ரொட்டிக்கு மா குழைக்கும்போது ஒரு உருண்டையைக் கையில் கொடுங்கள், மாலைக்குப் பூக் கோர்க்க விடுங்கள். விரல்களுக்குப் பலம் வரும். ஏடு தொடக்கும்போது அரிசியில் விரலால் எழுத வைத்தோம் அல்லவா, சின்னவர்கள் இப்போதும் முற்றத்து மணலில் அப்படி எழுதலாம். இடது கையால் எழுதுகிற பிள்ளையைச் சோற்றுக்கைக்கு மாற்ற வேண்டாம், வீட்டில் பெரியவர்கள் எவ்வளவு சொன்னாலும் வேண்டாம். கொப்பியின் மேல்விளிம்பு சற்று வலப்பக்கம் சரியும்படி வைத்துக் கொடுத்தால் எழுதியதைக் கை மறைக்காது.

கட்டுரைத் தலைப்புக் கொடுக்காதீர்கள். வீட்டிலேயே எழுத வேண்டியவை ஏராளம். திருநெல்வேலிச் சந்தைக்கோ சுன்னாகம் சந்தைக்கோ போகுமுன் சாமான் துண்டைப் பிள்ளை எழுதட்டும், அதைப் பார்த்தே வாங்குங்கள். கத்தரிக்காயில் எழுத்துப் பிழை இருந்தாலும் பையில் கத்தரிக்காய் வரும். தான் எழுதியதால் ஒரு காரியம் நடந்தது என்று பிள்ளைக்கு அப்போது விளங்கும். கூழுக்கு என்னென்ன போடுவது என்று அம்மம்மாவிடம் கேட்டு எழுதலாம். ஒடியல் மா, நண்டு, இறால், பயிற்றங்காய், பலாக்கொட்டை, புளி என்று அதுவே ஒரு பக்கம் வரும். நல்லூர்த் திருவிழா 25 நாள். சுவாமி எந்த வாகனத்தில் வந்தார் என்று நாளுக்கு ஒரு வரி எழுதலாம். மடுத் திருவிழாவுக்குப் போகிற பிள்ளைகள் வழியில் கண்டதை எழுதலாம்.

கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற மாமா, சித்திக்கு வாட்ஸ்அப்பில் குரல் பதிவுதான் அனுப்புகிறோம். ஒரு தரமாவது பிள்ளை எழுதிய கடிதத்தைப் படமெடுத்து அனுப்புங்கள். அவர்களையும் கையால் எழுதிப் பதில் அனுப்பச் சொல்லுங்கள், இது முக்கியம். 90களில் மின்சாரமும் தொலைபேசியும் இல்லாத யாழ்ப்பாணத்தில், வெளியில் இருந்து ஒரு கடிதம் வந்தால் வீடே கூடியிருந்து திரும்பத் திரும்ப வாசித்தது உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். அதையும் பிள்ளைக்குச் சொல்லுங்கள்.

தரம் 4 பெற்றோரிடம் தனியாக ஒரு வேண்டுகோள். தரம் 5 இல் வரப்போகும் புலமைப்பரிசில் பரீட்சை பற்றிய உங்கள் கவலை எனக்கு விளங்குகிறது. ஆனால் காலையிலும் பின்னேரத்திலும் ரியூசன், இரவில் மாதிரி வினாத்தாள் என்று விடுமுறை முழுவதும் போனால், எழுதுவது என்றால் விடை எழுதுவது மட்டும்தான் என்று பிள்ளை நினைத்துவிடும். வாரத்தில் இரண்டு பின்னேரத்தையாவது பிள்ளையிடமே விட்டுவிடுங்கள்.

எழுதிய கொப்பியைப் பாடசாலைக்குக் கொண்டுவர வேண்டும் என்பதில்லை. புள்ளியும் இல்லை, போட்டியும் இல்லை. பிள்ளை தானாக விரும்பிக் கொண்டுவந்தால் காலையில் வகுப்பில் வாசித்துக் காட்ட நேரம் கொடுப்போம்.

கொப்பி, பென்சில் வாங்குவதே சிரமமான வீடுகள் எங்களிடையே உண்டு. தயங்காமல் வகுப்பாசிரியரிடமோ என்னிடமோ சொல்லுங்கள், அலுவலகத்தில் எடுத்து வைத்திருக்கிறோம். வெள்ளிக்கிழமை பாடசாலை விடும்போது வந்து வாங்கிக்கொள்ளலாம்.

அன்புடன்,
அதிபர்
யாழ்ப்பாணம்