பீரோவைத் திறக்கும் முன் துணிக்கொடியைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கொஞ்சம் துணியை வைத்துக்கொண்டு ஒன்றோடொன்று மாற்றி மாற்றி உடுத்தும் ‘கேப்சூல் வார்ட்ரோப்’ பற்றித் தங்கள் இணைப்பிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். யோசனை நல்லது. பட்டியல்தான் நம் ஊருக்கு ஆகாது. கோட்டு, கம்பளி ஸ்வெட்டர், பூட்ஸ் எல்லாம் அதில் இருந்தன. 1970-களில் லண்டனில் துணிக்கடை நடத்திய சூசி ஃபா பரப்பிய எண்ணம் இது. அந்தக் குளிருக்குச் சரி. கோவையில் மார்கழி விடியலிலேயே 18, 19 டிகிரிதான். பைக்கில் போகிறவருக்கு மெல்லிய விண்ட்சீட்டர் ஒன்று, ஏசி அலுவலகத்துக்கு முழுக்கைச் சட்டையோ சால்வையோ ஒன்று. குளிருக்கு அவ்வளவு போதும்.

எத்தனை துணி வேண்டும் என்பதை இங்கே முடிவு செய்வது, துவைத்தது காய எடுக்கும் நேரம். ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும்போது காலையில் போட்ட சட்டையை மதியம் மடித்துவிடலாம். ஐப்பசி மழையில் அதே சட்டை ஒன்றரை நாள் கொடியில் கிடக்கும். தடித்த ஜீன்ஸ் இரண்டு நாள் ஈரமாகவே தொங்கி வாடை பிடிக்கும். அதனால் கணக்கை ஐப்பசிக்குப் போடுங்கள். ஆறு நாள் வேலை, புதனும் ஞாயிறும் துவையல் என்றால் உடுத்த மூன்று, காயாமல் கிடப்பதற்கு ஈடாக இரண்டு, ஆக ஐந்து சட்டை அல்லது ஐந்து சுடிதார் டாப். பேண்ட் மூன்று. வீட்டுக்கும் வெளியே போகவும் டீ-ஷர்ட் நான்கு. முகூர்த்தத்துக்கு வெள்ளை வேட்டி சட்டை ஒரு ஜோடி. சேலை கட்டுவோர் நெகமம் காட்டன் ஒன்று, கோரா காட்டன் ஒன்று, பட்டு ஒன்று என்று வைத்தால் சீர், வளைகாப்பு, அலுவலகம் எல்லாவற்றுக்கும் ஈடு கொடுக்கும். கோரா காட்டனில் பட்டும் பருத்தியும் கலந்திருப்பதால் முறுக்கிப் பிழியாமல் நிழலில் உலர்த்த வேண்டும்.

நிறத்திலும் ஊர் பார்க்க வேண்டும். கறுப்பில் ஆடிப் புழுதி அப்படியே தெரியும். சாம்பலும் வெள்ளையும் நூலிலேயே கலந்த மெலாஞ்ச் டீ-ஷர்ட்டில் வியர்வைத் திட்டு மேப் போட்டதுபோல் நிற்கும். கருநீலமும் சந்தன நிறமும் பேண்டுக்கு வைத்துக்கொண்டால், வெளிர்நீலம், வெள்ளை, பாசிப்பச்சை எந்தச் சட்டையும் சேரும். ஸ்கூட்டரில் போகும் பெண்கள் ஆடியில் ஷிபான் துப்பட்டாவைத் தவிர்ப்பது நல்லது. பறப்பது மட்டுமல்ல, பின்சக்கரத்தில் சிக்கும்.

டீ-ஷர்ட்டில்தான் அதிகம் ஏமாறுகிறோம், அதுவும் திருப்பூரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. சித்திரையில் கோவை 36 டிகிரியைத் தொட்டால் ஈரோடும் கரூரும் 40-ஐ ஒட்டி நிற்கும். அங்கே 140 முதல் 160 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்) சிங்கிள் ஜெர்சி, அதாவது சாதாரண டீ-ஷர்ட்டின் மெல்லிய பின்னல் துணி, போதும். கோவையில் 180 தாங்கும். 220-க்கு மேல் போனால் ஐப்பசியில் காயவே காயாது. பின்னிய துணியை ஆலையிலேயே அழுத்திச் சுருக்கும் ‘காம்பாக்டிங்’ சரியாக ஆகாதிருந்தால் முதல் துவையலிலேயே உயரம் 5 சதவீதம் வரை சுருங்கும். 28 அங்குலச் சட்டையில் அது கிட்டத்தட்ட ஒன்றரை அங்குலம், கையைத் தூக்கினால் இடுப்பு தெரியும். இன்னொன்று, பக்கத் தையல் முறுக்கிக்கொண்டு வயிற்றுப் பக்கம் வருவது. ஒற்றை நூலில் இருக்கும் முறுக்கு, தண்ணீர் பட்டதும் தன் வழிக்குத் திரும்புவதால் கண்ணி வரிசை சாய்கிறது. இஸ்திரி போட்டுத் தொங்கும்போது கடையில் இது தெரியாது. திருப்பூர் காதர்பேட்டைச் சந்தையில் மலிவாகக் கிடைக்கிறதென்று ஒரே தடவையில் நான்கு அள்ளாமல், ஒன்றை வாங்கி இருமுறை துவைத்துப் பார்த்துவிட்டு மிச்சத்துக்குப் போவதே லாபம். கழுத்தைச் சுற்றிய இழுபடும் பட்டியான ரிப்பை மட்டும் அங்கேயே இழுத்து விட்டுப் பார்க்கலாம். உடனே பழைய அளவுக்குத் திரும்பாதது ஒரு மாதத்தில் தொங்கிவிடும்.

தைத்துப் போடுகிறவர்கள் 58 அங்குலப் பன்னாவில் (துணி அகலத்தில்) முழுக்கைச் சட்டைக்கு 1.6 மீட்டர், 36 அங்குலப் பன்னாவில் 2.25 மீட்டர் எடுக்கலாம். பருத்தி என்றால் டெய்லரிடம் கொடுக்கும் முன் ஓர் இரவு பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து, பிழியாமல் உலர்த்துங்கள். இப்படி நனைக்காவிட்டால், காலர் விறைப்பாக நிற்க உள்ளே ஒட்டிய கேன்வாஸ் துணி அப்படியே இருக்க மேல்துணி மட்டும் சுருங்கி, காலர் கொப்புளம் கொப்புளமாகும். பிளவுஸில் பலர் மேல்துணியை நனைத்துவிட்டு லைனிங்கை மறந்துவிடுகிறார்கள். பிறகு அக்குளில் சுருக்கம் விழுந்து, டெய்லருக்குத்தான் திட்டு.

போர்வெல் தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். உப்புத் தண்ணீரில் சோப்புக்கட்டி பிசுக்காகத் திரண்டு நூலில் ஒட்டுவதால் வெள்ளை பழுப்பேறுகிறது. அதற்குப் பவுடரோ லிக்விடோ போட்டு, கடைசி அலசலுக்கு மட்டும் அரை வாளி சிறுவாணிக் குடிநீர் ஒதுக்கினால் வேட்டி வெள்ளையாக நிற்கும்.

ஒரு கோரிக்கை. திருப்பூரிலிருந்து கப்பலேறும் சட்டையின் ஜிஎஸ்எம், சுருக்கம், சாயம் எல்லாம் சோதித்த பிறகே பெட்டி கட்டுகிறார்கள். நம் ஊர்க் கடையில் தொங்கும் அட்டையிலோ பெரும்பாலும் சைஸும் விலையும்தான். ஜிஎஸ்எம் எவ்வளவு, துவைத்தால் எத்தனை சதவீதம் சுருங்கும் என்று இரண்டு வரி அச்சிடப் பெரிய செலவில்லை. உள்நாட்டு விற்பனைக்கும் இதைக் கொண்டுவரும்படி உற்பத்தியாளர்களைத் தங்கள் நாளிதழ் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், அவிநாசி