வலிக்கும் முன் வாயைப் பாருங்கள்: வடமாகாண சுகாதார, கல்வித் துறையினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய வடமாகாண சுகாதாரத் துறை அதிகாரிகளுக்கும், கல்வித் துறை அதிகாரிகளுக்கும், யாழ்ப்பாண மாவட்டத்தின் சுகாதார வைத்திய அதிகாரிகளுக்கும் வணக்கம்.

மகரகமவில் பயிற்சி பெற்று, முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வடமராட்சியிலும் தென்மராட்சியிலும் பாடசாலைப் பற்சிகிச்சையாளராகக் கடமையாற்றி ஓய்வு பெற்றவள் நான். மூன்று வயது முதல் பதின்மூன்று வயது வரையான பிள்ளைகளின் வாய்களைப் பார்ப்பதே என் வேலையாக இருந்தது. நான் கடைசியாகக் கடமையாற்றிய சிகிச்சை நிலையத்தின் கதவு, நான் விடைபெற்ற பின் இரண்டு தவணைகள் பூட்டியே கிடந்தது. அந்த இரண்டு தவணைகளுக்குள் எத்தனை பிள்ளைகளுக்கு ஆறு வயதுக் கடைவாய்ப்பல் முளைத்திருக்கும் என்று எண்ணிப் பார்த்த நாளில்தான் இந்த மடலை எழுத வேண்டும் என்று தோன்றியது.

அந்தப் பல்லைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நிரந்தரக் கடைவாய்ப் பற்களில் முதலாவது ஆறு வயதளவில், பாற்பற்களுக்கெல்லாம் பின்னால், எந்தப் பல்லும் விழாமலே ஓசையின்றி முளைக்கிறது. எதுவும் விழவில்லை என்பதால் தாய் தந்தையர் அதையும் பாற்பல் என்றே எண்ணி, விழப்போகும் பல்லுக்கு ஏன் வைத்தியம் என்று விட்டுவிடுகிறார்கள். முளைத்த புதிதில் அதன் மேற்பரப்பிலுள்ள ஆழமான வெடிப்புகளில் பிஸ்கற்றும் இனிப்பும் ஒட்டிக்கொள்கின்றன. வாயிலுள்ள பற்றீரியாக்கள் அந்தச் சீனியை அமிலமாக்க, அமிலம் பல்லின் கனிமத்தைக் கரைக்கிறது. இரண்டு மூன்று ஆண்டுகளில், வாழ்நாள் முழுவதும் சோறு மெல்ல வேண்டிய பல் சூத்தையாகிவிடுகிறது. நான்காம் வகுப்புப் பிள்ளை ஒன்று பல்லுக்கொதியோடு கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்து, கீழ்த்தாடையின் இரண்டு பக்கத்திலும் அந்தப் பற்களை இழந்து திரும்பிப் போனதை நான் ஒருமுறை மட்டும் பார்க்கவில்லை. அந்த வெடிப்புகளை முளைத்தவுடனேயே அடைத்துவிடும் முத்திரைப் பூச்சுக்குச் சில நிமிடங்கள் போதும். ஊசியும் வேண்டாம், துளைகருவியும் வேண்டாம்.

இன்னும் இளைய பிள்ளைகளின் நிலை வேறு. சீனி கரைத்த பால்மாவைப் போத்தலில் ஊற்றி, சூப்பியை வாயில் வைத்தபடியே பிள்ளையைத் தூங்க வைக்கும் வழக்கம் நம் வீடுகளில் பரவலாக இருக்கிறது. தூக்கத்தில் உமிழ்நீர் குறைவதால் அந்தப் பால் மேல் முன்பற்களைச் சுற்றித் தேங்கி நிற்கிறது. மூன்று வயதில் முன்பற்கள் கறுத்து, வேர்க்கட்டைகளாகிவிடுகின்றன. முன்பள்ளியில் சிரிக்காமல் வாயைப் பொத்திக்கொள்ளும் பிள்ளையைக் கூச்ச சுபாவம் என்று ஆசிரியை எழுதி வைத்திருப்பார். வீடு வீடாகச் செல்லும் குடும்பநல உத்தியோகத்தர்கள் முதற்பல் முளைக்கும் மாதத்திலேயே ஒரு வார்த்தை சொன்னால் இதில் பெரும்பகுதியைத் தடுக்கலாம். எடை பார்க்கும் நாளில் மேலுதட்டைத் தூக்கிப் பார்ப்பதற்குக் கருவி எதுவும் தேவையில்லை. முரசின் ஓரமாகப் பல்லில் வெள்ளைக் கோடு தெரிந்தால் அதுவே தொடக்கம், அந்தக் கட்டத்தில் அதைத் திருப்பிவிடவும் முடியும்.

உலக சுகாதார நிறுவனம் 2022 இல் வெளியிட்ட அறிக்கை, உலகில் ஏறத்தாழ 350 கோடிப் பேர் வாய் நோய்களால் பாதிக்கப்பட்டிருப்பதாகக் கூறுகிறது. அதற்கு முந்தைய ஆண்டில் அந்த நிறுவனம், பல்லின் கனிமத்தை வலுவாக்கும் புளோரைட்டு கலந்த பற்பசையையும், சூத்தையைத் துளைக்காமல் நிறுத்தும் வெள்ளி டையமின் புளோரைட்டையும், கண்ணாடி அயனோமர் அடைப்புப் பொருளையும் அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. பற்பசை ஒரு மருந்து என்பதை நம் மக்களுக்கு எவரும் எடுத்துச் சொல்லவில்லை. கடையில் மூலிகைப் பசை என்றால் நல்லது என்று நம்பி, புளோரைட்டு இல்லாத பசையைப் பிள்ளைக்கு வாங்கிக் கொடுக்கும் தாய்மாரை நான் குறை கூற மாட்டேன். பெட்டியின் பின்புறத்தில் எதைப் பார்க்க வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் காட்டியதில்லை. 1000 முதல் 1500 ppm (பத்து இலட்சத்தில் ஒரு பங்கு என்ற கணக்கு) வரையான அளவில் புளோரைட்டு உள்ள பசை, மூன்று வயதுக்குக் கீழே அரிசிமணி அளவு, அதற்கு மேலே பட்டாணி அளவு, துலக்கிய பின் துப்பிவிட்டு வாயை நிறையத் தண்ணீர் விட்டுக் கொப்பளிக்காதிருத்தல்: இவ்வளவையும் ஒரு பாடசாலைச் சுவரில் எழுதிவிடலாம்.

வெள்ளி டையமின் புளோரைட்டைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு துளியைத் தூரிகையால் தடவினால் சூத்தை பெரும்பாலும் பரவாமல் நின்றுவிடுகிறது. தடவிய இடம் கறுத்துப்போகிறது என்பதே அதன் குறை. முன்பல்லென்றால் தாய்மார் தயங்குவார்கள், அது நியாயமே. ஆனால் கடைவாயிலுள்ள பாற்பல்லில் கறுப்புப் புள்ளி இருப்பதைவிட, அதே பிள்ளை இரவெல்லாம் கொதியில் அழுது மறுநாள் பாடசாலைக்குப் போகாதிருப்பதுதான் பெரிய இழப்பு. பாதரசப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்துவதற்காக ஏற்பட்ட, இலங்கையும் உறுப்பு நாடாக உள்ள மினமாட்டா உடன்படிக்கையின் 2022 ஆம் ஆண்டுத் தீர்மானம், பதினைந்து வயதுக்குக் கீழ்ப்பட்டோருக்கும் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் பாதரசக் கலவையால் பல் அடைப்பதைத் தவிர்க்கச் சொல்கிறது. ஆகவே மாற்றுப் பொருட்கள் பாடசாலை நிலையங்களுக்குத் தடையின்றி வந்துசேர வேண்டும். 2022 இன் பொருளாதார நெருக்கடியில் மருந்தும் அடைப்புப் பொருளும் இல்லாமல், வந்த பிள்ளையை அடுத்த மாதம் வா என்று அனுப்பிய நாட்களை நான் இன்னும் மறக்கவில்லை.

பெரியவர்களைப் பொறுத்தவரை, பல்லுக்கொதி வந்தால் முதலில் கராம்பு, பிறகு பாமசி என்ற ஒழுங்கு நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. பல்லுக்குள் இருக்கும் சதை இறந்துபோன பின் அங்கே இரத்தம் ஓடுவதில்லை. இரத்தம் போகாத இடத்துக்கு அமொக்சிசிலின் குளிசையும் போய்ச் சேராது. வீக்கம் இரண்டு நாள் தணிந்து மறுபடியும் எழும். அதற்குள் அந்த உடலில் மருந்துக்கு அடங்காத கிருமிகளை நாமே வளர்த்துவிடுகிறோம். கீழ்த்தாடையில் தொடங்கிய சீழ் நாக்கின் அடியிலும் கழுத்திலும் பரவி மூச்சை அடைக்கக்கூடும் என்பதையும், விழுங்க முடியாத வீக்கத்தோடு ஒருவர் வீட்டில் காத்திருக்கவே கூடாது என்பதையும் வானொலியில் சொல்லுங்கள். மேற்பல்லைப் பிடுங்கினால் கண்பார்வை போய்விடும் என்ற பயமும், கர்ப்ப காலத்தில் பல் வைத்தியரிடம் போகக்கூடாது என்ற பயமும் இன்னும் இருக்கின்றன. இரண்டுமே தவறானவை, நான்காம் மாதம் முதல் ஆறாம் மாதம் வரை பற்சிகிச்சைக்கு மிகவும் வசதியான காலம்.

இனி, இந்த மடலை எழுத எனக்கு உண்மையில் உந்துதலாக இருந்த விடயத்துக்கு வருகிறேன். என் சின்னம்மா புகையிலைத் தோட்டத்தில் வேலை செய்து குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியவர். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, ஒரு துண்டுப் புகையிலை. மென்றுவிட்டு இடது கன்னத்தில் ஒதுக்கிக்கொள்வார். முதலில் உறைப்புக் கறி எரிகிறது என்றார், நாங்கள் தூளைக் குறைத்தோம். பிறகு சோற்று உருண்டையைச் சிறிதாக்கினார்; வாய் இரண்டு விரலகலத்துக்கு மேல் திறக்கவில்லை. இவ்வளவு காலமும் அவர் மாதந்தோறும் சலரோகத்துக்கு ஒரு கிளினிக்குக்குப் போய்வந்தார். அங்கே இரத்தம் பார்த்தார்கள், பிறெசர் பார்த்தார்கள், பாதத்தையும் பார்த்தார்கள். வாயைத் திற என்று ஒருவரும் கேட்கவில்லை. பிள்ளைகளின் வாயைப் பார்ப்பதையே தொழிலாகக் கொண்டிருந்த நானும் கேட்கவில்லை. கன்னத்தின் உட்புறத்தில் புண் ஆறாமல் கெட்டியான பிறகுதான் கண்டோம். அப்போது கழுத்திலும் கட்டி வந்துவிட்டது.

இலங்கையில் ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய். பெண்களும் தப்பவில்லை என்பதற்கு என் வீடே சாட்சி. இந்த நோய் பெரும்பாலும் முன்னறிவிப்போடு வருகிறது: துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, சிவந்த திட்டு, உறைப்புத் தாங்காமை, மெல்ல மெல்ல இறுகும் கன்னம், மூன்று வாரத்துக்கு மேல் ஆறாத புண். இவற்றைக் கண்டறிய வெளிச்சமும் இரண்டு கைவிரல்களும் போதும். புகையிலையை விட்டுவிட்டேன், பாக்கு மட்டும்தான் என்று சொல்பவர்களுக்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004 இல் வெளியிட்ட மதிப்பீட்டில், புகையிலை இல்லாத வெற்றிலைக் கூட்டையும், தனிப் பாக்கையும்கூட மனிதரில் புற்றுநோயை உண்டாக்குபவை என்று வகைப்படுத்தியது. வாயை இறுகச் செய்வது முக்கியமாகப் பாக்குத்தான். ஆகவே கலியாண வீட்டில் பிள்ளைகளின் கையில் இனிப்புப் பீடாவைக் கொடுப்பதை நாம் விளையாட்டாக எடுத்துக்கொள்ள முடியாது.

புகையிலை யாழ்ப்பாணத்தின் வரலாற்றோடு பின்னிக் கிடக்கிறது. ஒரு காலத்தில் திருவிதாங்கூர் வரை கப்பலேறிப் போன பொருள் அது, பல குடும்பங்களின் கல்வீடுகளும் படிப்பும் அதிலிருந்து வந்தவை. அதைப் பயிரிடுவோரை இழித்துப் பேசுவதால் பயனில்லை. 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கப் புகையிலை, மதுசார அதிகாரசபைச் சட்டம் இருக்கிறது. இருபத்தொரு வயதுக்குக் கீழ்ப்பட்டோருக்குப் புகையிலை விற்பதை அது தடுக்கிறது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் சிகரெட்டைக் கவனிப்பதுபோல் பாடசாலை வாசலிலுள்ள வெற்றிலைக் கடையையும் கவனிக்கட்டும். தோட்டக்காரருக்கு மாற்றுப் பயிரும் சந்தையும் காட்டுவது விவசாயத் துறையின் வேலை. அவர்களையும் இந்தப் பேச்சுக்குள் அழைத்து வாருங்கள்.

2011 இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை மக்கள் நடந்து நிதி திரட்டி, தெல்லிப்பழையில் புற்றுநோய்ச் சிகிச்சை நிலையம் எழ வழி செய்தார்கள். நாட்டின் தென்முனையிலிருந்து வடமுனைக்கு நடந்து வந்த அந்தக் கால்களுக்கு நான் என்றும் நன்றியுடையவள். ஆனால் அங்கே போய்ச் சேரும் வாய்ப் புற்றுநோயாளர்கள் திட்டு என்ற நிலையிலேயே கண்டுபிடிக்கப்பட்டிருந்தால், பலருக்குத் தாடையை வெட்ட வேண்டியே வந்திராது. நீரிழிவுக் கிளினிக்கில் பாதத்தைப் பார்ப்பதற்கு ஓர் இடம் இருப்பதுபோல் வாயைப் பார்ப்பதற்கும் அட்டையில் ஒரு கட்டம் வேண்டும் என்பதே நான் கேட்பவற்றில் முதன்மையானது. இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சலரோகம் முரசு நோயைக் கடுமையாக்குகிறது, முரசு நோய் சீனியின் கட்டுப்பாட்டைக் குலைக்கிறது. ஒன்றைப் பார்க்காமல் மற்றதைச் சரி செய்ய முயல்வது ஓட்டை வாளியில் தண்ணீர் அள்ளுவது போன்றது.

குடிநீரைப் பற்றியும் ஒரு சொல். நம் சுண்ணாம்புக்கல் நிலத்துக் கிணற்று நீரையே குடித்துவந்த மக்கள் இன்று போத்தல் நீருக்கும் சுத்திகரித்த நீருக்கும் மாறிவருகிறார்கள். 2024 இல் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையமும் திறக்கப்பட்டது. நல்ல தண்ணீருக்காக ஏங்கிய குடாநாட்டுக்கு இது பெரும் பேறு. எனினும், உப்பை நீக்கும் அந்த முறை புளோரைட்டையும் சேர்த்தே நீக்கிவிடும். அதே வேளை, வவுனியா, அநுராதபுரப் பக்கத்துக் கிணறுகள் சிலவற்றில் புளோரைட்டு மிகுந்து பிள்ளைகளின் பற்கள் பழுப்பேறுகின்றன. லீற்றருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. எந்தக் கிராமம் எந்த நீரைக் குடிக்கிறது, அதில் எவ்வளவு புளோரைட்டு என்ற கணக்கை நீர்வழங்கல் சபையிடமிருந்து பெற்று ஒவ்வொரு பற்சிகிச்சை நிலையத்திலும் தொங்கவிட்டால், எந்தப் பிள்ளைக்கு எதைப் பரிந்துரைப்பது என்பதை அங்கே இருப்பவர் அறிவார்.

தீவுகளை மறந்துவிட வேண்டாம். நெடுந்தீவிலிருந்து ஒருவர் பல்லுக்கு வர வேண்டுமென்றால் குறிகாட்டுவானுக்குப் படகில் ஏறி, அங்கிருந்து பேருந்தில் பட்டணம் வந்து, திரும்பும் படகு தவறாதபடி ஓட வேண்டும். அப்படி வருபவர் அடைப்புக்காக மூன்று தடவை வர மாட்டார். பிடுங்கிவிடுங்கள் என்றே கேட்பார். மாதத்தில் இரண்டு நாள், முன்கூட்டியே அறிவித்த திகதியில், தவறாமல் ஒரு நடமாடும் பற்சிகிச்சைக் குழு நெடுந்தீவுக்கும் அனலைதீவுக்கும் எழுவைதீவுக்கும் போகட்டும். கடல் குழம்பி ஒருநாள் தவறினால் அடுத்த திகதியை அன்றே அறிவியுங்கள். திகதி தெரிந்தால் மக்கள் வருவார்கள்.

பாடசாலைப் பற்சிகிச்சையாளர் ஓய்வு பெறும் திகதி பல ஆண்டுகளுக்கு முன்னரே ஏட்டில் எழுதப்பட்டிருக்கிறது. ஆகவே அவருக்குப் பின் வருபவரை அதற்கு முன்னரே தெரிவு செய்து பயிற்சிக்கு அனுப்புவது இயலாத காரியமன்று. வெற்றிடம் நிரம்பும் வரைக்கும், முதலாம் வகுப்பில் புதிதாகச் சேரும் ஒவ்வொரு பிள்ளையின் வாயையும் முதலாம் தவணை முடிவதற்குள் ஒரு தடவை பார்ப்பதற்கு எங்களைப்போன்ற ஓய்வு பெற்றவர்களை அழையுங்கள். வடமராட்சியில் மட்டும் நானறிய நால்வர் இருக்கிறோம். கைக்கண்ணாடியும் கையுறையும் பதிவேடும் நீங்கள் தாருங்கள். பேருந்துக் காசை நாங்கள் பார்த்துக்கொள்வோம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பாடசாலைப் பற்சிகிச்சையாளர் ஒருவர்,
வடமராட்சி.